ஒலி எங்கே செல்கிறது? பல ஒலி அட்டைகள் கொண்ட லினக்ஸ் கணினியில் பழுது காணும் முறை

பாடத்தைக் கண்ணால் வாசித்து அறிவதோடு காதால் கேட்டும் அறியும் முறை நம் நாட்டுப் பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் பரவி வருகிறது. அதற்குச் சிறந்ததோர் உதாரணம் தாணே நகருக்கு அண்மையிலேயே உள்ளது. பவாயில் அமைந்த பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 'ஸ்போகன் டுட்டோரியல்' என்னும் பேச்சுவழிப் பாடங்களை மத்திய அரசின் கல்வித் திட்ட உதவியுடன் தயாரித்து வழங்கியுள்ளது. ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழ 10 நிமிஷ அளவினது. திரையில் தோன்றும் காட்சி ஆங்கிலத்தில் இருப்பினும், விளக்கவுரை தமிழ், மராத்தி, ஹிந்தி முதலிய மொழிகளிலும் ஒலிக்கிறது. மாணவர் ஹெட்போனை அணிந்து சிறிது கேட்டு, பாடத்தை நிறுத்தி, கேட்டதைத் தம் கணினியில் செய்து பார்த்து, மறுபடியும் தொடர்கிறார். லினக்ஸ் இயக்க முறையைக் கற்பிக்கும் பாடங்களும் இவ்வரிசையில் உண்டு.

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய உட்கருவை அடிப்படையாகக் கொண்ட இயக்க முறையாகும். இதை எவரும் கட்டணமின்றிப் பெற்று, தம் தேவைக்கேற்ப மாற்றியும் அமைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் சி-டாக் என வழங்கும் உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையம் 2007-இல் 'பாஸ்' என்னும் பெயரில் இந்திய மொழிகளுக்கேற்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டது. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் பல ஆண்டுகளாகப் பெருமளவில் வழங்கி வருகிறது.

இத்தகைய கணினி ஒன்றில் திடீரென்று ஒலி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒலி கேளாததும் சிலர் புதிய ஹெட்போன் வாங்குகின்றனர். சிலர் யாரோ எழுதி வைத்த கட்டளைகளை, அவற்றின் பொருளை அறியாமலே, நிர்வாகி அதிகாரத்துடன் தட்டச்சு செய்கின்றனர். மேலும் சிலர் இயக்க முறை முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவுகின்றனர். இதனால் அரை நாள் வீணாவதோடு, மாணவர் செய்து வைத்த வேலையும் சில சமயம் அழிந்து போகிறது. ஆயினும் பல கணினிகளில் எந்த உறுப்பும் பழுதடைந்திருப்பதில்லை. ஒலி உண்டாகிறது; உரிய வாயிலை விட்டு வேறொரு வாயில் வழியே அது சென்றுவிடுகிறது. கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகள் இருக்கும்போது இவ்வாறு நேர்வது மிகுதி.

தாணேவாசிகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேக்கு இந்தியாவின் முதற் பயணி ரயில் வந்தபோது இருந்த பாதை ஒன்றே. இன்று தாணேயிலிருந்து தாதர் வழியே சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்கு ஒரு பாதையும், கல்யாணுக்கு ஒரு பாதையும் செல்கின்றன. 2004-இல் திறக்கப்பெற்ற டிரான்ஸ் ஹார்பர் பாதை வாஷியை நோக்கிப் பிரிகிறது. மாட்டுங்காவுக்குப் போக வேண்டியவர் வாஷி வண்டியில் ஏறிவிட்டால், மாட்டுங்கா நிலையத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவர் வந்து சேரமாட்டார். ஆனால் அவர் தொலைந்து போய்விடவில்லை. எந்த இடத்தில் வழி மாறினார் என்று விசாரித்தால் போதும். கணினியின் ஒலிக்கும் இதே விசாரணை வேண்டும்.

ஒலி செல்லும் வழி

விசாரணைக்கு முதலில் வழி தெரிந்திருக்க வேண்டும். கணினியில் ஒலி ஐந்து நிலைகளைக் கடந்து காதை அடைகிறது.

முதல் நிலை, பாடத்தை ஒலிக்கச் செய்யும் மென்பொருள். அது வீடியோ இயக்கியாகவோ இணைய உலாவியாகவோ இருக்கலாம். சுருக்கிச் சேமித்த ஒலிப்பதிவை அது விரித்து, எண்களின் தொடராக மாற்றுகிறது. ஒலித்தகட்டின் தரத்தில் அமைந்த பதிவாயின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வினாடிக்கு 44,100 எண்கள் வீதம் இத்தொடர் செல்லும்.

இரண்டாம் நிலை, ஒலி மேலாளர் என்று சொல்லத்தக்க மென்பொருள். பல மென்பொருள்களிலிருந்து ஒரே சமயத்தில் வரும் ஒலிகளை இது கலந்து, எந்த அட்டைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. ரயில் நிலையத்துக் கேபின் செய்யும் வேலையை ஒத்தது இது.

மூன்றாம் நிலை, லினக்ஸ் உட்கருவில் உள்ள 'அல்சா' என்னும் பகுதி. ஒவ்வொரு வகை அட்டையையும் இயக்கும் டிரைவர்கள் இதில் அடங்கும்.

நான்காம் நிலை, ஒலி அட்டை. எண்களை மின்னழுத்த ஏற்றத்தாழ்வாக மாற்றுவது இதன் தொழில். தனி அட்டையாக இராமல் தாய்ப்பலகையில் பதித்த சில்லாக இருப்பினும் அதை அட்டை என்றே கணினி குறிப்பிடும்.

ஐந்தாம் நிலை, பிளக், கேபிள், ஒலிபெருக்கி அல்லது ஹெட்போன்.

இவற்றுள் எந்த ஒன்று தடைப்பட்டாலும் கேட்பவருக்குக் கிடைப்பது ஒரே மௌனம்தான். மௌனத்தை மட்டும் கொண்டு பழுதின் இடத்தைக் கூற இயலாது. ஆகவே ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே சோதிப்பது அவசியமாகிறது.

ஒரே கணினியில் பல அட்டைகள் ஏன்?

முற்காலத்துக் கணினியில் ஒலி அட்டை ஒன்றே இருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' போன்ற அட்டையை விலை கொடுத்து வாங்கிக் கணினியினுள் செருக வேண்டியிருந்தது. பின்னர் ஒலிச்சில்லைத் தாய்ப்பலகையிலேயே பதிக்கும் வழக்கம் வந்தது. 2004-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த 'ஹெச்டி ஆடியோ' முறை இன்றும் பெரும்பாலான மேசைக் கணினிகளில் உள்ளது.

இதற்கிடையே வேறு இரு வழிகளிலும் ஒலி அட்டை கணினிக்குள் நுழைந்தது. படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்பும் ஹெச்டிஎம்ஐ முறை 2002-இல் வகுக்கப்பட்டது. அதனால் படத்தை உண்டாக்கும் கிராபிக்ஸ் பகுதியே ஓர் ஒலி அட்டையாகவும் ஆயிற்று. யுஎஸ்பி ஹெட்போன், யுஎஸ்பி ஒலிபெருக்கி ஆகியவற்றுள் ஒவ்வொன்றிலும் சிறியதோர் ஒலி அட்டை அடங்கியுள்ளது. மைக்ரோபோன் பொருந்திய காமிராவும் ஒலி அட்டைப் பட்டியலில் இடம்பெறும்.

கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2018-இல் தொடங்கி 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றியது. 2020 அக்டோபரில் வெளியான கணக்கின்படி, அத்திட்டங்களில் ஏறத்தாழ 1,19,000 மடிக்கணினிகளும், 70,000 புரொஜெக்டர்களும், ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட யுஎஸ்பி ஒலிபெருக்கிகளும் வழங்கப்பட்டன. மடிக்கணினியின் உள் ஒலிபெருக்கி, ஹெச்டிஎம்ஐ வழியே சேரும் புரொஜெக்டர், யுஎஸ்பி ஒலிபெருக்கி என ஒரே மேசையில் மூன்று வாயில்கள் அமையக்கூடும். ஆசிரியர் எதிர்பார்ப்பது ஒரு வாயிலை. கணினி தேர்ந்தெடுப்பது மற்றொன்றை என்ற நிலை எழுவது இயல்பே.

மேலாளர் மூவர்

லினக்ஸில் ஒலி பற்றிய பழைய குறிப்புகள் இன்றைய கணினிக்குப் பொருந்தாமற் போவதற்குக் காரணம் உண்டு. செக் நாட்டவரான யாரொஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய அல்சா, 2003 இறுதியில் வெளிவந்த 2.6 உட்கருவில் நிலைபெற்றது. அது இன்றும் மூன்றாம் நிலையில் பணி புரிகிறது. அதன்மேல் இருந்து கலக்கும் மேலாளராகப் 'பல்ஸ் ஆடியோ' 2004-இல் தோன்றி, 2007, 2008-ஆம் ஆண்டுகளில் பெடோரா, உபுண்டு முதலிய தொகுப்புகளில் சேர்க்கப்பட்டது. விம் டேமன்ஸ் என்பவர் உருவாக்கி, 2017-இல் அறிமுகமான 'பைப்வயர்' இப்போது அவ்விடத்தைப் பிடித்துள்ளது. பெடோரா 2021-லும், உபுண்டு 2022 அக்டோபரிலும் அதற்கு மாறின.

பழைய கணினியில் பல்ஸ் ஆடியோவும் புதியதில் பைப்வயரும் இருக்குமாயினும் களப்பணியாளர் கலங்க வேண்டுவதில்லை. பல்ஸ் ஆடியோவுக்கென எழுதப்பெற்ற கட்டுப்பாட்டுச் சாளரங்களைப் பைப்வயரும் ஏற்றுக்கொள்கிறது. கீழே கூறும் சோதனைகள் இரண்டுக்கும் பொதுவானவை.

முதற் சோதனை: வெளி உறுப்புகள்

தாராவியிலோ செம்பூரிலோ உள்ள ஒரு பள்ளியின் கணினி அறையை எண்ணிக்கொள்வோம். ஒரு கணினியில் மட்டும் பாடம் ஒலிக்கவில்லை. உபாத்தியாயர் முதலில் கட்டளைச் சாளரத்தைத் திறத்தல் கூடாது. அடுத்த கணினியில் நன்றாக ஒலிக்கும் ஹெட்போனை இங்கே மாட்டிப் பார்க்க வேண்டும்; இங்கே மௌனமாயிருக்கும் ஹெட்போனை அங்கே மாட்டிப் பார்க்க வேண்டும். இவ்விரண்டு நிமிஷச் சோதனையால் ஐந்தாம் நிலையில் பழுது உண்டா, இல்லையா என்பது தெளிவாகும்.

மேசைக் கணினியின் பின்புறத்தில் பச்சை வளையமிட்ட துளையே ஒலி வெளியேறும் துளை. இளஞ்சிவப்பு வளையமிட்டது மைக்ரோபோனுக்கு உரியது. முன்புறத் துளை மௌனமாயிருந்து பின்புறத் துளை ஒலித்தால், முன்பலகையிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் சிறு கேபிள் கழன்றிருக்கலாம். ஒலிபெருக்கிக்குத் தனி மின்சாரம் தேவைப்பட்டால் அதன் விளக்கு எரிகிறதா என்பதும் நோக்கத்தக்கது. சோதனை வேளையில் ஹெட்போனைக் காதில் அணிதல் ஆகாது. தடை நீங்கியதும் ஒலி முழு அளவில் பாய்ந்து செவிக்குத் தீங்கு விளைவிக்கலாம். அதைக் கையிற் பிடித்துக் கேட்பதே நலம்.

இரண்டாம் சோதனை: அட்டையைக் கணினி அறிந்துள்ளதா?

அடுத்து, டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'ஏபிளே' கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஏ, பி, எல், ஏ, ஒய் என்னும் ஐந்து சிறிய ஆங்கில எழுத்துக்களும், ஓர் இடைவெளியும், இடைக்கோடும், அதை ஒட்டி எல் என்னும் சிறிய எழுத்தும் போதும். இதற்கு நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. கணினியில் எதையும் இது மாற்றுவதுமில்லை. ஆகவே மாணவரும் அச்சமின்றிச் செய்து பார்க்கலாம்.

விடையாக அட்டைகளின் பட்டியல் தோன்றும். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும் என்பதை நினைவிற் கொள்க. அட்டை 0 ஹெச்டிஎம்ஐ, அட்டை 1 தாய்ப்பலகையின் அனலாக் சில்லு, அட்டை 2 யுஎஸ்பி ஹெட்போன் என்று பட்டியல் அமையலாம். ஒவ்வோர் அட்டைக்குள்ளும் கருவி எண்கள் உண்டு. அனலாக் சில்லின் முதற் கருவி 0 ஆகவும், ஹெச்டிஎம்ஐ வாயில்கள் 3, 7, 8 ஆகவும் இருப்பது பெரும்பாலான கணினிகளில் காணும் வழக்கம்.

வேண்டிய அட்டை பட்டியலில் இல்லையாயின் பழுது மூன்றாம் நிலையிலோ நான்காம் நிலையிலோ உள்ளது. அப்போது ஒலி அளவை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. யுஎஸ்பி சாதனமாயின் வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். தாய்ப்பலகைச் சில்லாயின், கணினி தொடங்கும்போது தோன்றும் அடிப்படை அமைப்பில் அது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதா என நோக்க வேண்டும். அண்மைக் காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில், 'சவுண்ட் ஓபன் பர்ம்வேர்' என்னும் சிறு மென்பொருளை ஒலிச்சில்லினுள் ஏற்றினாலன்றி அட்டை புலப்படாது. அந்தப் பொதியைத் தொகுப்பின் களஞ்சியத்திலிருந்து நிறுவிக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். ஒலி அமைப்புச் சாளரத்தில் 'டம்மி அவுட்புட்' என்ற ஒரே பெயர் தோன்றுவது, மேலாளருக்கு எந்த அட்டையும் கிட்டவில்லை என்பதன் அடையாளமாகும்.

மூன்றாம் சோதனை: மேலாளரைக் கடந்து நேரே ஒலித்தல்

அட்டை பட்டியலில் இருக்கிறது. ஆயினும் ஒலி இல்லை. இப்போது முதல் இரு நிலைகளையும் விலக்கிவிட்டு, அட்டையை நேரே ஒலிக்கச் செய்ய வேண்டும். இதற்கு 'ஸ்பீக்கர் டெஸ்ட்' என்னும் கட்டளை உள்ளது. இரு சொற்களையும் இடைக்கோட்டால் இணைத்து, ஓர் இடைவெளி விட்டு, இடைக்கோடும் டி என்னும் பெரிய எழுத்தும் இட வேண்டும். மறுபடி ஓர் இடைவெளி விட்டு, 'பிளக்' என்ற சொல்லையும் அதை ஒட்டி எச், டபிள்யூ என்னும் எழுத்துக்களையும், முக்காற்புள்ளியும், அட்டை எண்ணும், காற்புள்ளியும், கருவி எண்ணும் இடையீடின்றிச் சேர்க்க வேண்டும். அட்டை 1, கருவி 0 என்றால் இறுதியில் 1, காற்புள்ளி, 0 என்பன அமையும். அட்டை வேலை செய்தால் மழை இரைச்சல் போன்ற ஒலி கேட்கும். கண்ட்ரோல் விசையுடன் சி எழுத்தை அழுத்த அது நிற்கும்.

சாதனம் வேறு வேலையில் உள்ளது என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால், ஒலித்துக்கொண்டிருக்கும் மென்பொருள்களை மூடிச் சில வினாடிகள் பொறுத்து மீண்டும் முயலலாம். பயன்படாத அட்டையை மேலாளர் சிறிது நேரத்தில் விட்டுவிடும்.

இச்சோதனையே விசாரணையின் நடுப்புள்ளியாகும். நேரே ஒலித்தால் கீழ் நிலைகள் மூன்றும் நலம்; குறை மேலே உள்ளது. நேரே ஒலிக்கவில்லையாயின் மேலாளரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஒரே சோதனையால் வழியின் பாதி விலக்கப்படுகிறது.

நான்காம் சோதனை: மியூட் பூட்டு

நேர்ச் சோதனையில் ஒலி வராமைக்கு மிகச் சாதாரணமான காரணம், அட்டையின் சொந்த ஒலியளவு பூட்டப்பட்டிருப்பது. 'அல்சாமிக்சர்' என்னும் கட்டளையைத் தட்டினால் செங்குத்தான அளவுத் தூண்கள் கொண்ட சாளரம் தோன்றும். இங்கே பலர் ஏமாறுகின்றனர். சாளரம் திறந்தவுடன் காணப்படுவது பல கணினிகளில் மேலாளரின் ஒற்றைத் தூண் மட்டுமே. எப் 6 விசையை அழுத்தி, உண்மையான அட்டையின் பெயரைத் தேர்ந்தெடுத்த பின்னரே அதன் தூண்கள் யாவும் புலப்படும்.

தூணின் அடியில் இரண்டு எம் எழுத்துக்கள் இருப்பின் அது மியூட் செய்யப்பட்டது என்று பொருள். எம் விசையை ஒரு முறை அழுத்த அவை இரண்டு சுழிகளாக மாறும். 'மாஸ்டர்', 'ஹெட்போன்', 'ஸ்பீக்கர்', 'பிரண்ட்' என்னும் தூண்களை ஒவ்வொன்றாக நோக்க வேண்டும். மாஸ்டர் திறந்திருந்து ஹெட்போன் தூண் பூட்டியிருந்தாலும் மௌனமே கிடைக்கும்.

'ஆட்டோ மியூட்' என்றதோர் அமைப்பும் சில அட்டைகளில் உண்டு. ஹெட்போன் செருகப்பட்டதை உணர்ந்ததும் ஒலிபெருக்கியை அது நிறுத்திவிடும். பல கைகள் பட்டுத் தேய்ந்த துளையின் உணர்வுத்தகடு வளைந்துவிட்டால், ஹெட்போன் இல்லாதபோதும் இருப்பதாக அட்டை எண்ணிக்கொள்ளும். ஆட்டோ மியூட்டை நிறுத்தினால் ஒலிபெருக்கி மீண்டும் ஒலிக்கலாம்.

ஐந்தாம் சோதனை: மேலாளரின் தீர்மானம்

நேர்ச் சோதனையில் ஒலி கேட்டு, பாடத்தில் மட்டும் கேளாவிடில், மேலாளர் எந்த வாயிலுக்கு அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். 'பல்ஸ் ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்' என்னும் சாளரம் இதற்கு மிகவும் உதவும். தொகுப்பில் அது இல்லாவிடில் களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம்.

பாடத்தை ஓடவிட்டு, அச்சாளரத்தின் 'பிளேபேக்' பக்கத்தை நோக்கினால், ஒலிக்கும் மென்பொருளின் பெயரும் அதன் கீழ் ஓர் அளவுக்கோடும் காணப்படும். கோடு அசையவில்லையாயின் மென்பொருளே ஒலியைத் தரவில்லை. உலாவியின் அந்தப் பக்கம் மியூட் செய்யப்பட்டிருக்கலாம். கோடு அசைந்தால் ஒலி மேலாளர்வரை வந்துவிட்டது என்பது உறுதி. அதே வரிசையில் வாயிலின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அது ஹெச்டிஎம்ஐ என்றிருந்து, கேட்க வேண்டியது அனலாக் ஒலிபெருக்கி ஆயின், வழி மாறிய இடம் அகப்பட்டுவிட்டது. பெயரைச் சொடுக்கி உரிய வாயிலைத் தேர்ந்தெடுத்தால் ஒலி உடனே திரும்பும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் கடைசியாக எந்த வாயிலில் ஒலித்தது என்பதை மேலாளர் நினைவில் வைத்துக்கொள்கிறது. முந்தைய வகுப்பில் ஒருவர் உலாவியின் ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பியிருந்தால், மறுநாளும் உலாவி ஒலி அங்கேயே செல்லக்கூடும். மற்ற மென்பொருள்கள் ஒழுங்காக ஒலிக்கும். ஒரு மென்பொருளில் மட்டும் மௌனம் என்ற புகார் வரும்போது இதையே முதலில் ஐயுற வேண்டும்.

'அவுட்புட் டிவைசஸ்' பக்கத்தில், வழக்கமாகப் பயன்படும் வாயிலை இயல்பு வாயிலாகக் குறிக்கலாம். 'கான்பிகரேஷன்' பக்கத்தில், ஒருபோதும் பயன்படாத அட்டையை 'ஆப்' நிலையில் வைக்கலாம். ஒலிபெருக்கி இல்லாத திரைக்குச் செல்லும் ஹெச்டிஎம்ஐ அட்டையையும் காமிராவின் அட்டையையும் இவ்வாறு விலக்கி வைத்தால், மேலாளர் தவறான வாயிலைத் தேர்ந்தெடுக்க இடமே இராது.

பலர் தத்தம் கணக்கில் நுழையும் பள்ளிக் கணினியில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னவர் தம் கணக்கை மூடாமல் வேறொருவருக்கு இடம் விட்டிருந்தால், அவருடைய மேலாளர் அட்டையை விடாமல் வைத்திருக்கக்கூடும். எல்லாரும் வெளியேறி ஒருவர் மட்டும் மீண்டும் நுழைந்தால் இத்தடை நீங்கும். மேலாளரும் புதிதாகத் தொடங்கும்.

எண் மாறும் தொல்லை

இன்று சரி செய்த கணினி, மறுநாள் தொடங்கியதும் மீண்டும் மௌனமாவது உண்டு. கணினி தொடங்கும்போது டிரைவர்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஏற்றப்படுகின்றன. எது முந்துகிறதோ அதற்கு 0 என்ற எண் கிடைக்கும். நேற்று அட்டை 1 ஆக இருந்தது இன்று அட்டை 0 ஆகலாம். செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனத்தாலும் வரிசை மாறலாம். அமைப்புக் கோப்பில் எண்ணை எழுதி வைத்தவரின் ஒலி அன்று வேறோர் அட்டைக்குப் போய்விடும்.

தாதர் ரயில் நிலையத்தில் மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் தனித்தனியே 1-இலிருந்து பிளாட்பார எண்களை வைத்திருந்த காலத்தில், எண்ணை மட்டும் கேட்டு வந்தவர் தவறான பக்கத்தில் நிற்க நேர்ந்தது. 2023 டிசம்பர் 9-ஆம் நாள் முதல் மத்திய ரயில்வேயின் பிளாட்பாரங்களுக்கு 8 முதல் 14 வரை எண்ணிட்டு அக்குழப்பம் தீர்க்கப்பட்டது. கணினியிலும் இதற்கொத்த பரிகாரம் உண்டு. ஒவ்வோர் அட்டைக்கும் எண்ணோடு ஒரு குறும்பெயரையும் அல்சா சூட்டுகிறது. எண்ணுக்குப் பதிலாக அப்பெயரைக் கட்டளையிலும் கோப்பிலும் எழுதினால் வரிசை மாறினாலும் தவறு நேராது. மேலாளரின் சாளரத்தில் செய்த தேர்வும், அட்டை பொருந்தியுள்ள இடத்தைக் கொண்டு அமைந்த பெயராலேயே சேமிக்கப்படுகிறது. ஆதலின், இயன்றவரை சாளரத்தின் வழியே தேர்வு செய்வதே களப்பணியாளருக்குப் பாதுகாப்பான முறையாகும்.

பார்வையற்றோரின் கணினி

மேற்கூறிய யாவும் ஒரு வகுப்பு வீணாகாமல் காப்பதற்குரியவை. பார்வையற்ற மாணவர் அல்லது ஆசிரியரிடத்தில் இதன் முக்கியத்துவம் பன்மடங்கு பெரிது. லினக்ஸில் 'ஆர்கா' என்னும் திரை வாசிப்பான், திரையிலுள்ள எழுத்தையும் பட்டியலையும் குரலாகச் சொல்கிறது. 2006-இல் அது 'நோம்' மேசைச் சூழலில் சேர்க்கப்பட்டது. 'ஈஸ்பீக்' என்னும் குரல் மென்பொருளின் துணையால் தமிழையும் வாசிக்கும். மும்பை செயிண்ட் சேவியர் கல்லூரியில் 2003-இல் தொடங்கிய பார்வைக் குறைபாடுடையோர் வள மையம் போன்ற நிலையங்கள் திரை வாசிப்பானைக் கொண்டு கல்வி பயிலும் வழியைப் பரப்பி வந்துள்ளன.

இவர்களுடைய கணினியில் ஒலி நிற்பது, பார்வையுள்ளவரின் கணினியில் திரை இருண்டு போவதற்குச் சமம். ஒலியைத் திருப்பும் சாளரத்தையே அவர் காண இயலாது. யாரோ புரொஜெக்டரை இணைத்தமையால் குரல் அங்கே போய்விட்டால், அவர் வேறொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதாகும். எனவே அத்தகைய கணினியில் பயன்படாத அட்டைகளை முன்னரே ஆப் நிலையில் வைத்தல் வேண்டும். குரல் நின்றால், யுஎஸ்பி சாதனங்களையும் ஹெச்டிஎம்ஐ கேபிளையும் கையால் தடவிக் கழற்றிவிடும்படி பயனாளருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேறு வாயில் இல்லாதபோது மேலாளர் தாய்ப்பலகை அட்டைக்குத் திரும்பும். குரலும் பெரும்பாலும் திரும்பி வரும். பின்னர் ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்கலாம். மேசைக் கணினியாயின் திரையின் கேபிளைக் கழற்றுவதால் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

அறையில் தொங்கவிடத்தக்க சுருக்கம்

1. வேறு கணினியில் ஒலிக்கும் ஹெட்போனை மாட்டிப் பார்க்கவும். காதில் அணிய வேண்டாம்.
2. ஏபிளே கட்டளையால் அட்டைகளின் பட்டியலைப் பெற்று எழுதிக்கொள்ளவும்.
3. ஸ்பீக்கர் டெஸ்ட் கட்டளையால் வேண்டிய அட்டையை நேரே ஒலிக்கச் செய்யவும்.
4. நேரே ஒலிக்காவிடில் அல்சாமிக்சரில் எப் 6 அழுத்தி அட்டையைத் தேர்ந்து, மியூட் பூட்டுகளை நீக்கவும்.
5. நேரே ஒலித்தால் மேலாளரின் சாளரத்தில் அளவுக்கோட்டையும் வாயிலின் பெயரையும் நோக்கவும்.
6. உரிய வாயிலை இயல்பாக்கி, பயன்படாத அட்டைகளை ஆப் செய்யவும்.
7. ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்து, பயன் இல்லையாயின் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடவும்.

ஏழாம் விதி ஏனைய ஆறுக்கும் அடிப்படையானது. ஒரே சமயத்தில் மூன்று மாற்றங்களைச் செய்து ஒலி திரும்பினால், எதனால் திரும்பியது என்பது தெரியாது. அடுத்த முறையும் விசாரணையைத் தொடக்கத்திலிருந்தே நடத்த வேண்டிவரும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் உள்ள அட்டைகளின் பெயர், வழக்கமான வாயில், கண்ட பழுது, செய்த பரிகாரம் ஆகியவற்றைத் தேதியுடன் குறித்து வைப்பது நன்று. அக்குறிப்பேட்டை எழுதும் பொறுப்பை மாணவரிடம் அளித்தால் சோதனைச் சாலையில் பின்பற்றும் முறையை அவர்கள் தம் கணினியிலேயே பயில்வர். ஆசிரியர் விடுப்பில் உள்ள நாளிலும் அறையில் பாடம் தடையின்றி ஒலிக்கும்.